அனுமதி கேட்கும் வானொலி

அமெரிக்காவின் சிற்றூர்களில் தீயணைக்கும் வேலையைப் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்களே செய்கின்றனர். பகலில் ஒருவர் பள்ளியாசிரியர், மற்றவர் பண்ணைக்காரர். அபாயமணி ஒலித்தால் இருவரும் தீயணைப்பு வீரர்கள். இவர்களுள் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் நல்ல கையடக்க இருவழி வானொலி ஒன்று வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். நாம் வாக்கி-டாக்கி என்று சொல்லும் கருவிதான். அவருடைய மாவட்டத் தீயணைப்புத் துறை எந்த அதிர்வெண்களில் பேசுகிறது என்பது இரகசியமன்று. உரிமப் பட்டியலைப் புரட்டினால் எவரும் அறியலாம். அந்த அதிர்வெண்களில் இயங்கும் கருவியையே அவர் வாங்கியிருக்கிறார். அலைபரப்பும் கோபுரமோ கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்கிறது. பேசும் பொத்தானை அழுத்துகிறார். கரகரத்த ஓர் ஒலி மட்டும் எழுகிறது. பேச இயலவில்லை.

1950-இல் இப்படி நடந்திருக்காது. அன்று அதிர்வெண் பொருந்தினால் போதும், பேச்சு போய்ச் சேரும். இன்றும் அவருடைய கருவியிலிருந்து எழும் மின்காந்த அலை கோபுரத்தை அடையத்தான் செய்கிறது. அடைந்த அலையைக் கோபுரம் ஏற்க மறுக்கிறது. இயற்கையின் விதி எதுவும் மாறிவிடவில்லை. வாயிலில் யாரோ ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவனை நிறுத்தியவர்கள் காவலை நினைத்து நிறுத்தவில்லை என்பதே இவ்வரலாற்றின் வேடிக்கை.

கதவில்லாத வீடு

டிட்ராய்ட் நகரக் காவல்துறை 1928 ஏப்ரல் 7 அன்று தன் ரோந்துக் கார்களுக்கு வானொலி வழியே செய்தி அனுப்பும் முறையான சேவையைத் தொடங்கியது. கார்களில் ஏற்பி மட்டுமே இருந்தது. மறுமொழி சொல்ல வேண்டுமானால் காவலர் காரை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைத் தேடிப் போகவேண்டும். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு அத்துறை சோதனைகள் நடத்தி வந்த காலத்தில் காவல்துறைக்கென்று தனி உரிம வகையே கிடையாது. எனவே அந்நிலையம் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்ப வேண்டியிருந்தது. இசைக்கு நடுவே திருட்டுப்போன காரின் எண்ணை வாசித்தார்கள்!

1933-இல் நியூஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரக் காவலர்கள் காரிலிருந்தபடியே மறுமொழி சொல்லும் வசதியைப் பெற்றனர். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் உருவாக்கிய அதிர்வெண் பண்பேற்ற முறை, அதாவது எஃப்.எம்., 1940-இல் கனெக்டிகட் மாநிலக் காவல்துறையின் இருவழி வானொலியாயிற்று. அதை வடிவமைத்தவர் டேனியல் நோபிள் என்ற பேராசிரியர். அவரைப் பின்னர் சிகாகோவின் கால்வின் நிறுவனம் அழைத்துக்கொண்டது. 1947-இல் மோட்டரோலா என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. உலகப்போரின்போது அது செய்த இரண்டு கருவிகள் புகழ்பெற்றவை. சுமார் 16 கிலோகிராம் எடையுடன் முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர்.-300 கருவிக்குத்தான் வாக்கி-டாக்கி என்று பெயர். கையில் பிடிக்கும் சிறிய எஸ்.சி.ஆர்.-536 கருவியை ஹாண்டி-டாக்கி என்றார்கள். மக்கள் வழக்கு முன்னதன் பெயரைப் பின்னதற்குக் கொடுத்துவிட்டது; இனித் திருத்தவும் முடியாது.

இத்தகைய கருவிகள் பலவற்றில் அதிர்வெண்ணை நிர்ணயித்தது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகத் துண்டு. மின்னழுத்தம் தந்தால் அப்படிகம் தனக்கே உரிய வேகத்தில் அதிரும். துண்டு மெலிதானால் அதிர்வெண் கூடும். ஒரு படிகத்துக்கு ஒரு தடம், அதாவது ஒரு சானல். உரிய படிகத்தைச் செருகிவிட்டால் அந்தத் தடத்தில் எவரும் கேட்கலாம், எவரும் பேசலாம். சட்டம் தடுக்கும், கருவி தடுக்காது. 1930-களில் விற்ற அமெரிக்க வீட்டு வானொலிப் பெட்டிகள் பலவற்றின் முகப்பில் 'போலீஸ்' என்றே ஒரு பகுதி குறிக்கப்பட்டிருந்தது. இராச்சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாக உட்கார்ந்து காவல்துறையின் செய்திகளைக் கேட்டவர்கள் உண்டு.

1950-களில் ஒரு தந்திரம் கையாளப்பட்டது. பேச்சோடு சேர்த்து, ஏறத்தாழ 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு தாழ்ந்த தொனியையும் அனுப்பினர். தன் குழுவுக்குரிய தொனி வந்தாலன்றி ஏற்பியின் ஒலிபெருக்கி வாய் திறக்காது. இதற்குத் 'தனி வழி' என்ற பொருள்படும் விற்பனைப் பெயரும் சூட்டினார்கள். உண்மையில் வழி தனியானதன்று. ஒரே தடத்தில் பால்காரர் வண்டியும் வாடகைக் காரும் இருந்தன. ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாமல் போயிற்று, அவ்வளவே. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் எஃப்.எம். ஏற்பியில் வலுவான அலையே வெல்லும். வலுக்குறைந்தது அடியோடு மறைந்துவிடும். தொனி என்பது நம் காதைப் பொத்திக்கொள்வது. பிறர் வாயைக் கட்டுவதன்று.

கோபன்ஹேகனிலிருந்து வந்த கணக்கு

போருக்குப் பின் வாடகைக் கார்கள், மின்வாரியங்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், மருத்துவ ஊர்திகள் என எல்லோரும் வானொலி கேட்டனர். ஒரு தடத்துக்கு முதலில் 120 கிலோஹெர்ட்ஸ் அகலம் தந்தார்கள். பின் அதை 60 ஆக்கினார்கள். 1960-களில் 30 ஆக்கினார்கள். பாகப்பிரிவினையில் நிலத்தைத் துண்டாடுவது போன்ற வேலைதான் இது. எவ்வளவு துண்டாடினாலும் போதவில்லை. 1976-இல் ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் வாழ்ந்த நியூயார்க் பகுதியில் பெல் நிறுவனத்தின் கார்த் தொலைபேசிக்கு இருந்தவை 12 தடங்கள். இணைப்புப் பெற்றவர்கள் 543 பேர். காத்திருந்தவர்கள் 3,700 பேருக்கு மேல்.

துண்டாடுவதை விட்டுப் பொதுவில் வைத்தால் என்ன என்ற கேள்விக்கு விடை நெடுநாளாகவே தயாராக இருந்தது. ஆக்னர் எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர் 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். மக்கள் தாம் நினைத்த நேரத்தில் தொலைபேசியை எடுக்கிறார்கள். அப்படியானால் இரண்டு நிலையங்களுக்கிடையே எத்தனை கம்பிகள் போடவேண்டும்? 1909-இல் தொடங்கி 1917-இல் வெளியிட்ட வாய்பாட்டால் அவர் இதற்கு விடை தந்தார். பேச்சுப் போக்குவரத்தின் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுவதும் இடைவிடாமல் பேச்சைச் சுமந்தால் அது ஓர் எர்லாங்.

இவ்வாய்பாடு சொல்வதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒவ்வொருவரும் மணிக்கு 36 வினாடி பேசுகிறார். அதாவது நூறில் ஒரு பங்கு எர்லாங். நூறு முறை முயன்றால் இரண்டு முறைக்கு மேல் 'இடமில்லை' என்ற பதில் வரலாகாது என்பது நிபந்தனை. ஒரே ஒரு தடத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குச் சேவை செய்யலாம்? எர்லாங் வாய்பாட்டின்படி அத்தடம் தாங்குவது 0.02 எர்லாங், ஆகவே இரண்டே பேர். இத்தகைய 10 தடங்களைப் பத்துக் குழுக்களுக்குத் தனித்தனியே பிரித்துக் கொடுத்தால் 20 பேர். அந்தப் பத்தையும் பொதுவில் வைத்து, வருகிறவருக்கு வந்த வேளையில் காலியாக உள்ளதைக் கொடுத்தால் 5.08 எர்லாங் தாங்கும். அதாவது 508 பேர்!

இருபது எங்கே, ஐந்நூற்றெட்டு எங்கே! கணக்கில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒருவருக்கே உரிய தடம் பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கிறது. அவருக்கு வேண்டிய நேரத்திலோ உடன் இருப்பவர் அதில் பேசிக்கொண்டிருக்கிறார். இரயில் முன்பதிவுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். பத்துச் சன்னல்களுக்கும் பத்து வரிசைகள் இருந்தால், நம் வரிசையில் முன்னால் நிற்பவர் ஐந்து படிவங்களோடு வந்திருப்பார். பக்கத்துச் சன்னல் காலியாக இருந்தாலும் நமக்குப் பயனில்லை. ஒரே வரிசை, காலியாகும் சன்னலுக்கு அடுத்தவர் என்று வைத்தால் கூடத்தின் நிலையே வேறு. (உண்மையான வானொலி முறையில் இடமில்லாதவரைத் திருப்பி அனுப்பாமல் வரிசையில் நிற்க வைப்பார்கள், அதற்கு எர்லாங்கின் வேறொரு வாய்பாடு உண்டு. பொதுவில் வைப்பதன் ஆதாயம் அங்கும் இதே போன்றதுதான்.)

இந்த முறைக்கு டிரங்கிங் என்று பெயர். மூத்தவர்களுக்கு இச்சொல் புதியதன்று. வெளியூரோடு பேசுவதற்கு 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தோம் அல்லவா? 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எண்ணைச் சுழற்றி நேரே பேசும் வசதி வந்த பிறகுதான் நம் நாட்டில் அக்காத்திருப்பு மெல்லக் குறையத் தொடங்கியது. ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடிய அந்த டிரங்க் கம்பிகள் எந்தச் சந்தாதாரருக்கும் சொந்தமல்ல. கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் கொடுத்து, பேசி முடித்ததும் வாங்கிக்கொள்ளப்பட்டவை. அதே ஏற்பாட்டை வானொலித் தடங்களுக்குச் செய்ததே டிரங்க் வானொலி.

யார் கேட்பது?

அமெரிக்காவின் அலைவரிசைகளைப் பங்கிடும் எஃப்.சி.சி. ஆணையம், தொலைக்காட்சிக்கென ஒதுக்கிவைத்திருந்த 70 முதல் 83 வரையான சானல்களை எடுத்துத் தரைவழி ஊர்திகளின் வானொலிக்குக் கொடுத்தது. 1974-இல் அதில் ஒரு பகுதி செல்பேசிக்கும் ஒரு பகுதி டிரங்க் வானொலி போன்ற தனியார், அரசுச் சேவைகளுக்கும் குறிக்கப்பட்டது. 800 மெகாஹெர்ட்ஸ் பட்டை என்பது இதுதான். செல்பேசியும் டிரங்க் வானொலியும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று சொல்லலாம். முன்னது உலகத்தையே ஆண்டுவிட்டது. பின்னது காவல் நிலையத்தோடும் தீயணைப்பு நிலையத்தோடும் நின்றுகொண்டது. 1970-களின் இறுதியில் காவல், தீயணைப்புத் துறைகளின் தொடர்பு அலுவலர் சங்கமான ஆப்கோ, இத்தகைய அமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று விதிகள் வகுத்தது. பொத்தானை அழுத்திய அரை வினாடிக்குள் தடம் கிடைக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

அரை வினாடியில் அதை எப்படிக் கொடுப்பது? தொலைபேசி நிலையத்தில் கம்பி இருக்கிறது. கையை உயர்த்தினால் தெரியும். வெட்டவெளியில் நிற்கும் ஆயிரம் கருவிகளுள் எது கேட்கிறது என்பதைக் கோபுரம் எவ்வாறு அறியும்? இதற்காக ஒரு தடத்தைப் பேச்சுக்குத் தராமல் தனியே ஒதுக்கினார்கள். அதற்குக் கட்டுப்பாட்டுத் தடம் என்று பெயர். அதில் மனிதக் குரல் இராது. மோட்டரோலாவின் அமைப்புகளில் வினாடிக்கு 3,600 துணுக்குகள் வீதம் 0, 1 என்ற இலக்கங்களே இடையறாது ஓடும். சும்மா இருக்கும் கருவிகள் எல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் பொத்தானை அழுத்தியதும் அவருடைய கருவி மிகச் சிறிய ஒரு விண்ணப்பத்தை அனுப்பும்: "நான் இன்ன எண், இன்ன குழுவோடு பேசவேண்டும்." நடுவிலுள்ள கணினி காலியான தடம் ஒன்றைப் பார்த்து, "இன்ன குழுவினர் எல்லோரும் ஏழாம் தடத்துக்குச் செல்க" என்று அறிவிக்கும். அக்குழுவின் கருவிகள் யாவும் தாமாகவே அங்கே தாவும். கேட்டவர் காதில் மூன்று சிறு கூவல்கள் ஒலிக்கும். பேசலாம் என்று பொருள். பேசி முடித்ததும் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். அடுத்த முறை ஏழாம் தடமாக இராது. மூன்றாம் தடமாக இருக்கலாம்.

இரண்டு பேர் ஒரே கணத்தில் விண்ணப்பித்தால்? இரண்டும் மோதிச் சிதையும். இதற்கான மருந்து ஹவாயிலிருந்து வந்தது. தீவுகளில் சிதறிக் கிடந்த கணினிகளை வானொலியால் இணைக்க ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 1971-இல் இயக்கிய அமைப்புக்கு அலோஹா என்று பெயர். அதன் விதி குழந்தைத்தனமானது: அனுப்பு, பதில் வராவிட்டால் சிறிது நேரம், எவ்வளவு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, காத்திருந்து மறுபடி அனுப்பு. காலத்தைச் சம துண்டுகளாக்கித் துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பவேண்டும் என்ற திருத்தம் பின்னர் சேர்ந்தது. அத்திருத்தத்தோடு, தடத்தின் கொள்ளளவில் 37 விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்று கணிதம் காட்டுகிறது. பிரிட்டனின் எம்.பி.டி. 1327, அமெரிக்காவின் பி25 போன்ற டிரங்க் முறைகள் பலவும் இவ்விதியின் வழிவந்தவையே.

இனி நாம் தேடிவந்த இடத்துக்கு வருவோம். விண்ணப்பத்தில் ஏன் எண் இருக்கவேண்டியதாயிற்று? வரிசையில் நிற்பவரைத் திரும்பக் கூப்பிட எண் வேண்டும். எந்தக் குழுவை எங்கே அனுப்புவது என்றறிய எண் வேண்டும். யார் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறார் என்றறிய எண் வேண்டும். ஆகவே கருவியை இயக்கியதும் அது முதலில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும்படி அமைத்தார்கள். இவை யாவும் நெரிசலைச் சமாளிக்கப் பிறந்த தேவைகள். ஆனால், "நீ யார்?" என்று கேட்கத் தெரிந்த ஒருவனுக்கு, "உனக்கு இடமில்லை" என்று சொல்வது பெரிய வேலையன்று. கணினியில் ஒரு பட்டியல் போதும். வரிசையை ஒழுங்குசெய்ய வந்தவன் வாயிற்காவலன் ஆனது இப்படித்தான். தொண்டரின் கருவி எழுப்பிய கரகரத்த ஒலி அவனுடைய குரலே.

பெயர் சொன்னால் போதுமா?

காவலன் நின்றான், ஆனால் நெடுங்காலம் அவன் ஏமாளியாகவே இருந்தான். மோட்டரோலாவின் அமைப்பில் கருவியின் எண் 16 துணுக்குகள் கொண்டது. ஆக, எண்கள் 65,536-க்கு மேல் இல்லை. அந்த எண்ணைக் கருவி வாயால் சொல்லும். அவன் பட்டியலைப் பார்ப்பான். இருந்தால் உள்ளே விடுவான். எண் உண்மையில் அந்தக் கருவிக்கு உரியதுதானா என்று கேட்க அவனுக்கு வழியில்லை. கல்யாண வீட்டு வாசலில் "மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்காருவது போல, இன்னொருவர் எண்ணைத் தன் கருவியில் பதித்துக்கொண்டவன் உள்ளே போகலாம்.

எனவே எண்ணைப் பதிக்கும் இடத்தில் பூட்டுப் போட்டார்கள். கருவியைக் கணினியோடு இணைத்து மென்பொருள் கொண்டே எண்களைப் பதிக்கவேண்டும். குறிப்பிட்ட அமைப்பின் எண்ணைப் பதிக்க, அவ்வமைப்புக்கே உரிய 'சிஸ்டம் கீ' என்ற சிறு கோப்பு கணினியில் இருந்தாகவேண்டும். கோப்பு என்றால் நகல் எடுக்கலாம் அன்றோ? பின்னாளில் அதைக் கணினியில் செருகும் வன்பொருள் சாவியாக மாற்றினார்கள். இவ்வளவு செய்தும் பூட்டு கருவிக்குப் பக்கத்தில்தான் இருந்தது, வாசலில் இல்லை.

வாசலிலேயே மெய்ப்பிக்கும் முறை ஐரோப்பாவின் டெட்ராவில் வந்தது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 1990-களின் நடுவில் வெளியிட்ட இத்தரத்தில், ஒவ்வொரு கருவிக்குள்ளும் 128 துணுக்குகள் கொண்ட ஓர் இரகசிய எண் இருக்கும். அதன் இன்னொரு படி மையத்தில் இருக்கும். கருவி பதிவு கேட்டதும் மையம் நினைத்தபடி ஓர் எண்ணைச் சொல்லும். கருவி அதனையும் தன் இரகசிய எண்ணையும் சேர்த்து ஒரு கணக்கைப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். மையமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரகசிய எண் ஒருபோதும் காற்றில் வருவதில்லை. ஒட்டுக் கேட்டவனுக்குக் கிடைத்த விடை மறுமுறை பயன்படாது, ஏனெனில் மறுமுறை கேள்வியே வேறு. 1989-இல் அமெரிக்காவில் வேலை தொடங்கிய பி25 தரத்திலும் இத்தகைய ஏற்பாடு 2000-களில் சேர்ந்தது. அதைக் கட்டாயம் ஆக்கவில்லை, விரும்பியவர் வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பேசுவதற்கு. கேட்பதற்கு விண்ணப்பம் வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுத் தடத்தின் அறிவிப்புகள் எல்லோர்மீதும் பொழிகின்றன. அவற்றைப் புரிந்துகொள்ளும் ஏற்பி ஒன்றிருந்தால் குழுவைப் பின்தொடர்ந்து தடத்துக்குத் தடம் தாவலாம். 1997-இல் யூனிடன் நிறுவனம் அத்தகைய ஸ்கேனரைக் கடைக்குக் கொண்டுவந்தது. செவியை அடைக்க மறையீடு தேவைப்பட்டது. மறையீட்டிலும் ஒரு கதை உண்டு. டெட்ராவின் மறையீட்டு முறைகளை வெளியே சொல்லாமல் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பொத்திவைத்திருந்தார்கள். அவற்றை ஆராய்ந்த டச்சு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட செய்தி பலரைத் திடுக்கிடச் செய்தது: டி.இ.ஏ.1 என்ற முறையில் 80 துணுக்குச் சாவி உள்ளே போனதும் 32 துணுக்குகளாகச் சுருக்கப்பட்டிருந்தது. 32 துணுக்குகள் என்றால் ஏறத்தாழ 430 கோடி வாய்ப்புகள். இன்றைய கணினிக்கு அது சிறிது நேர வேலை. மூடி வைத்ததால் பாதுகாப்புக் கூடிவிட்டது என்று எண்ணியது எவ்வளவு பெரிய பேதைமை!

உதவிக்கு வந்தவர்

வெளியே நிற்பவர்கள் எல்லோரும் விஷமிகளாக இருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். நெருப்புப் பற்றிய இடத்துக்குப் பக்கத்து மாவட்டத்தினரும் ஓடிவருகிறார்களே, அவர்களுடைய எண் பட்டியலில் இருக்குமா?

இச்சிக்கல் டிரங்க் வானொலிக்கு முந்தியது. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனிப்பொழிவுக்கிடையே மேலெழுந்த ஏர் புளோரிடா விமானம் பாலத்தில் மோதிப் போட்டோமாக் ஆற்றில் விழுந்து 78 பேர் மாண்டனர். சற்று நேரத்தில் அதே நகரில் நிலத்தடி இரயில் ஒன்றும் தடம்புரண்டு மூவர் இறந்தனர். உதவிக்கு விரைந்த பல துறையினரும் வெவ்வேறு அதிர்வெண்களில் இருந்தமையால் ஒருவரோடொருவர் பேச முடியவில்லை. அன்று தடுத்தது அதிர்வெண். 1987-இல் எஃப்.சி.சி. 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பொதுப் பாதுகாப்புக்கெனப் புதிய பகுதியைத் திறந்தபோது இப்பாடத்தை மறக்கவில்லை. நாடு முழுவதற்கும் ஐந்து தடங்களைத் தனியே குறித்தது. அவற்றில் டிரங்க் கணினி கிடையாது, பதிவு கிடையாது. எந்த ஊர்த் தீயணைப்பு வீரரும் எந்த ஊரிலும் பழைய பாணியில் பேசலாம்.

நார்வே இத்தகைய மாற்றத்தின் நடுவழியில் சிக்கிக்கொண்டது. 2011 ஜூலை 22 அன்று ஆஸ்லோவில் குண்டு வைத்து எட்டுப் பேரைக் கொன்றவன், பின் உட்டோயா தீவுக்குப் போய் இளைஞர் முகாமில் இருந்த 69 பேரைக் கொன்றான். ஆஸ்லோவிலிருந்து விரைந்த சிறப்புக் காவல்படை புதிய டெட்ரா வலைக்கு மாறியிருந்தது. தீவு அமைந்த வடக்கு புஸ்கெருட் மாவட்டக் காவல்துறை இன்னும் பழைய அனலாக் கருவிகளில் இருந்தது. கண் முன்னே நின்றாலும் ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு பேசாது. எங்கே சந்திப்பது என்பதில் குழப்பம் நேர்ந்து, தீவுக்கு நேரெதிரே இருந்த படகுத்துறையை விட்டு வெகு தொலைவில் படையினர் கூடினர். அன்றைய தாமதத்துக்கு வானொலி ஒன்றே காரணமன்று. 2012-இல் வந்த விசாரணைக் குழு அறிக்கை பல குறைகளை அடுக்கியது. ஆயினும் வானொலியும் அவற்றுள் ஒன்று. நார்வே முழுவதையும் புதிய வலை எட்டியது 2015-இல்.

அப்படியானால் கதவைத் திறந்து எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வலையை நடத்துபவர் தயங்குவதற்கு எர்லாங்கின் கணக்கே காரணம். ஒரு கோபுரத்தின் கீழ் ஒரு பேச்சுக்குழுவின் கருவி ஒன்றே ஒன்று இருந்தாலும், அக்குழுவின் பேச்சு முழுவதையும் அக்கோபுரம் ஒரு தடத்தில் ஒலிபரப்பியாகவேண்டும். நூறு மைல் தள்ளியுள்ள ஊரின் குழுவை ஒருவர் ஆசைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தால், இங்கே ஒரு தடம் போயிற்று. 2009 ஆகஸ்ட் 22 இரவு நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலண்ட் கடற்கரையில் இசைவிழா கலவரமாக மாறியபோது, காவலர்களின் சி2000 டெட்ரா வலை அவ்விடத்தில் திணறிப்போனது. பல குழுக்கள் ஒரே கோபுரத்தின் கீழ் வந்து குவிந்ததே காரணம். பேச அனுமதி பெற்றவர்களே ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளினர்.

இவற்றோடு சட்டமும் சேர்கிறது. உரிமம் மாவட்ட நிர்வாகத்தின் பெயரில் இருக்கிறது. அதன் வலையில் எழும் ஒவ்வோர் அலைக்கும் அதுவே பொறுப்பு. கருவி யாருடைய சொந்தம் என்பது இங்கே கேள்வியே இல்லை. தனியார் கருவியைச் சேர்க்க முன்வரும் மாவட்டங்களிலும் வழி ஒன்றுதான். தொண்டர் தம் தீயணைப்புத் தலைவர் வழியாக விண்ணப்பிக்கவேண்டும். கருவி ஏற்கத்தக்க வகையாக இருக்கவேண்டும். அத்தகைய பி25 கருவி ஒன்றின் விலை பல ஆயிரம் டாலர். வானொலி நிர்வாகி அதற்கோர் எண் வழங்கித் தாமே பதித்துக் கொடுப்பார். கருவி தொலைந்தால் மையத்திலிருந்து ஒரு கட்டளை போகும். அது எங்கே கிடந்தாலும் அக்கணமே செயலற்றுப்போகும். தம் பணத்தில் வாங்கிய பொருளைப் பிறர் ஓர் அறையிலிருந்து ஊமையாக்க முடியும் என்பதைப் பல தொண்டர்களால் எளிதில் ஏற்க முடிவதில்லை. பழைய படிகக் கருவியோடு வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் கடினம்.

நடு மையம் பழுதானால் என்ன ஆகும் என்பதையும் வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். கோபுரங்கள் பழைய காலத்து மறு ஒலிபரப்பிகளாக மாறிக்கொள்ளும். ஒவ்வொரு குழுவும் முன்பே குறித்த ஒரு தடத்தில் நிற்கும். கட்டுப்பாட்டுத் தடம் இல்லை, விண்ணப்பம் இல்லை, பட்டியல் இல்லை; அதிர்வெண் பொருந்தினால் பேச்சு போகும். அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் 1950 திரும்பி வந்துவிடுகிறது.

1987-இல் குறித்த அந்த ஐந்து தடங்களும் இன்றும் இருக்கின்றன. அண்டைச் சேவை ஒன்றால் எழுந்த இடையூறு காரணமாக 2004-இல் எஃப்.சி.சி. 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையை மாற்றியமைக்க ஆணையிட்டபோது அவை இடம் பெயர்ந்தன. அழைப்புத் தடத்தில் கோபுரம் இப்போது பேசுவது 851.0125 மெகாஹெர்ட்ஸில், மற்ற நான்கும் அரை மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக அதன் மேலே இருக்கின்றன. கருவிகள் மறுமொழி சொல்வது 45 மெகாஹெர்ட்ஸ் கீழே. ஐந்துக்கும் ஒரே தொனி, 156.7 ஹெர்ட்ஸ். காதைப் பொத்தும் அதே பழைய தந்திரந்தான். ஆனால் இங்கே எல்லோருக்கும் ஒரே தொனி என்பதால் ஒருவர் பேச்சு மற்றவர் எல்லோர் காதிலும் விழும்.